விளக்கின் மேல் எழுதிய பெயர்: மம்லூக் கண்ணாடி விளக்குகள்

கெய்ரோ, லண்டன், பாரிஸ், நியூயார்க் என்று எந்தப் பெரிய அருங்காட்சியகத்தின் இஸ்லாமியக் கலைப் பகுதிக்குப் போனாலும் (நம்மைப் போல இணையத்தில் போனாலும் சரி) ஒரு கண்ணாடிப் பாத்திரம் கண்ணில் படாமல் இருக்காது. முதல் பார்வைக்குப் பூச்சாடி மாதிரி தெரியும். மேலே அகன்று விரியும் கழுத்து, நடுவில் உருண்டையான வயிறு, அடியில் ஒரு பாதம். உயரம் ஓர் அடி, அல்லது அதற்குக் கொஞ்சம் கூட. உடம்பு முழுக்க நீலமும் பொன்னுமாக அரபு எழுத்து. பக்கத்துச் சீட்டில் 'பள்ளிவாசல் விளக்கு, எகிப்து அல்லது சிரியா, 14ஆம் நூற்றாண்டு' என்று போட்டிருப்பார்கள்.

'அடடா, என்ன அழகு' என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவோம். அழகு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதைச் செய்தவர்கள் பார்ப்பதற்காக மட்டும் செய்யவில்லை, படிப்பதற்காகவும் செய்தார்கள். அதில் எழுதியிருப்பது என்ன, யார் பெயர், அந்தப் பெயர் ஏன் அங்கே வந்தது என்று தேட ஆரம்பித்தால் ஒரு கண்ணாடிப் பாத்திரத்துக்குள் ஓர் ஆட்சிமுறையின் கதையே அடங்கியிருப்பது தெரியவரும். கொஞ்ச காலமாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே கோத்துத் தருகிறேன்.

விளக்கு அல்ல, விளக்கின் கூடு

முதலில் ஒரு விஷயம். விளக்கு என்கிறோமே தவிர, நாம் பார்க்கும் பாத்திரம் விளக்கின் வெளிக்கூடுதான். நிஜ விளக்கு உள்ளே இருந்தது. சின்னதாக ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் கொஞ்சம் தண்ணீர், தண்ணீருக்கு மேலே மிதக்கும் எண்ணெய், அதில் ஒரு திரி. அவ்வளவுதான். அந்தக் குப்பியைக் கூட்டுக்குள் வைத்துவிடுவார்கள். கூட்டின் வயிற்றுப் பகுதியில் 3 அல்லது 6 கண்ணாடிக் காதுகள் ஒட்டியிருக்கும். அந்தக் காதுகளில் சங்கிலி கோத்து, பள்ளிவாசலின் உயரமான கூரையிலிருந்து ஆள் தலைக்குக் கொஞ்சம் மேலே வரும்படி தொங்கவிடுவார்கள். சங்கிலிகள் மேலே ஒன்றுசேரும் இடத்தில் முட்டை வடிவத்தில் ஓர் உருண்டையும் சில சமயம் இருக்கும்.

வெளிச்சம் மட்டும்தான் வேண்டுமென்றால் இவ்வளவு வேலை தேவையே இல்லை. வெறும் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றித் தொங்கவிட்டால் இதைவிட நன்றாகவே வெளிச்சம் வரும். கெட்டியான எனாமலும் பொன்னும் பூசி, ஒளி வெளியே வரும் வழியைப் பாதி அடைத்துவிட்டல்லவா வைத்திருக்கிறார்கள்! அப்படியானால் அந்தப் பூச்சுக்கு ஏதோ ஒரு வேலை இருந்திருக்க வேண்டும், இல்லையா? அது என்ன வேலை என்பதுதான் இந்தக் கட்டுரை.

யார் இந்த மம்லூக்குகள்?

இந்த விளக்குகளில் பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 14ஆம் நூற்றாண்டின் இறுதிவரை செய்யப்பட்டவை. அப்போது எகிப்தையும் சிரியாவையும் ஆண்டவர்கள் மம்லூக் சுல்தான்கள் (1250-1517). மம்லூக் என்ற அரபுச் சொல்லுக்கு 'உடைமையாக இருப்பவன்' என்று பொருள். நேராகச் சொன்னால், அடிமை.

கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளிகளிலிருந்து துருக்கிய இனச் சிறுவர்களை வியாபாரிகள் வாங்கிக்கொண்டு வருவார்கள். சுல்தானும் பெரிய தளபதிகளும் அவர்களை விலைக்கு வாங்கி, படைக் கொட்டடியில் வைத்து வளர்ப்பார்கள். மதக் கல்வி, குதிரையேற்றம், வில், ஈட்டி எல்லாம் சொல்லித்தருவார்கள். பயிற்சி முடிந்ததும் விடுதலை. அதற்குப் பிறகு அவன் படைவீரன். திறமையும் அதிர்ஷ்டமும் இருந்தால் அமீர், அதாவது தளபதி. இன்னும் அதிர்ஷ்டம் இருந்தால் சுல்தானே ஆகலாம். அப்படி ஆனவர்கள் பலர்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அமீர் பதவி, கொள்கையளவில், மகனுக்குப் போகாது. அப்பா எவ்வளவு பெரிய அமீராக இருந்தாலும் சரி, மகன் சுதந்திரமாகப் பிறந்தவன் என்பதாலேயே அவன் மம்லூக் அல்ல. அப்பாவுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகத் தரப்பட்ட நிலவருவாயும் அவர் இறந்ததும் அரசுக்குத் திரும்பிவிடும். சுல்தான் பதவி மட்டும் சில காலம் ஒரே குடும்பத்தில் சுற்றியது, அதுவும் பெரும்பாலும் பின்னாலிருந்து ஆட்டிவைத்த அமீர்களின் தயவில். ஊரும் உறவும் இல்லாமல் வந்த ஒருவன் உச்சிக்குப் போகிறான், ஆனால் அந்த உச்சியை யாருக்கும் கொடுத்துவிட்டுப் போக முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு விளக்குக்கு வருவோம்.

கண்ணாடிமேல் கண்ணாடி

இவற்றைச் செய்த விதம் பொறியியல் படித்தவனுக்கு ரொம்பவே சுவாரசியமானது. அடிப்படைக் கண்ணாடி மணலும் தாவரச் சாம்பலும் சேர்த்து உருக்கியது. உப்பு மண்ணில் வளரும் செடிகளை எரித்தால் சோடா அதிகமுள்ள சாம்பல் கிடைக்கும், மணல் உருகும் வெப்பநிலையை அது குறைக்கும். உருகிய கண்ணாடியை ஊதுகுழலால் ஊதி வடிவம் கொண்டுவந்து, பாதத்தையும் காதுகளையும் ஒட்டி, மெதுவாக ஆறவிடுவார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் குமிழிகள் தெரியும். நிறமும் சுத்த வெள்ளையாக இருக்காது, லேசாகத் தேன் நிறம் கலந்திருக்கும். சில விளக்குகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தும் இருக்கும்.

பிறகுதான் எழுதும் வேலை. எனாமல் என்பது வேறொன்றுமில்லை, நிறக் கண்ணாடியைப் பொடியாக அரைத்து எண்ணெய் போன்ற ஒரு பசையில் குழைத்த மை. வெள்ளைக்கு வெள்ளீய ஆக்சைடு, மஞ்சளுக்கு ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த நிறமி, சிவப்புக்கு இரும்பு ஆக்சைடு. நீலத்துக்குப் பல விளக்குகளில் லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல்லையே அரைத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. வேறு சிலவற்றில் கோபால்ட். லாபிஸுக்கு அன்றைக்குப் பேர்போன இடம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகள். கெய்ரோவிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர்.

இந்த மையால் ஆறின கண்ணாடியின்மேல் எழுதி, பொன்னையும் பூசி, மறுபடி உலைக்குள் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் ஆபத்து. எனாமல் உருகிக் கண்ணாடியோடு ஒட்ட வேண்டும், ஆனால் அடியில் இருக்கும் கண்ணாடி உருகிவிடக் கூடாது. எனாமலில் ஈயம் சேர்ந்திருப்பதால் அது கொஞ்சம் குறைந்த வெப்பத்திலேயே இளகும். இந்த இரண்டு வெப்பநிலைக்கும் நடுவே உள்ள இடைவெளி சின்னது. வெப்பமானி கிடையாது, உலையின் நிறத்தைப் பார்த்துக் கண்ணால்தான் கணிக்க வேண்டும். பாத்திரத்தை ஓர் இரும்புக் கம்பியின் நுனியில் ஒட்டி, உலை வாயில் காட்டிச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். கொஞ்சம் கூடிப்போனால் அத்தனை நாள் எழுதிய எழுத்தும் விளக்கும் சேர்ந்து தொய்ந்துவிடும்.

மூன்று அடுக்கு எழுத்து

இப்போது படிக்கலாம். 14ஆம் நூற்றாண்டு விளக்குகளில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு ஒன்று உண்டு. மேலிருந்து கீழே மூன்று அடுக்கு.

கழுத்தில், பெரும்பாலும், குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான அந்-நூரின் 35ஆம் வசனத்தின் தொடக்கம். ஒளி வசனம் என்றே இதற்குப் பெயர். இறைவனின் ஒளிக்கு உவமையாக ஒரு மாடம், மாடத்தில் ஒரு விளக்கு, விளக்கைச் சூழ்ந்து ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு உவமையாக ஒளிவீசும் ஒரு நட்சத்திரம் என்று அடுக்கிக்கொண்டே போகும் வசனம் அது. கண்ணாடிக்குள் இருக்கும் விளக்கைப் பற்றிய வரியை, கண்ணாடிக்குள் இருக்கும் விளக்கின்மேலேயே எழுதியிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் தன்னைத்தானே விவரித்துக்கொள்ளும் கோப்பு என்று ஒன்று சொல்வோம். கிட்டத்தட்ட அந்த மாதிரி.

வயிற்றில், விளக்கைக் கொடுத்த சுல்தான் அல்லது அமீரின் பெயரும் பட்டங்களும். பட்டங்கள் சாதாரணமாக முடியாது. 'இன்னாருக்காகச் செய்யப்பட்டவற்றில் ஒன்று' என்று ஆரம்பித்து, உயர்ந்தவர், மேலானவர், எங்கள் தலைவர் என்று நீண்டு, கடைசியில்தான் பெயர் வரும். அமீராக இருந்தால் அதோடும் முடியாது. அவர் எந்த சுல்தானைச் சேர்ந்தவர் என்பதும் ஒட்டிக்கொண்டே வரும். 'அல்-மலிகீ அந்-நாஸிரீ' என்று இருந்தால் அல்-மலிக் அந்-நாஸிர் என்ற பட்டம் கொண்ட சுல்தானின் ஆள் என்று அர்த்தம். வரலாற்று ஆய்வாளர்களுக்கு இது பெரிய வசதி. சுல்தானின் பட்டம், அமீரின் பெயர், அவருடைய பதவி மூன்றையும் பொருத்திப் பார்த்தால், தேதியே எழுதாத விளக்கைக்கூடச் சில ஆண்டு வித்தியாசத்தில் காலம் கணித்துவிடலாம்.

இதில் நிறம் வைத்த விதத்தைக் கவனியுங்கள். பல விளக்குகளில் கழுத்து வசனம் நீல எனாமலில் எழுதியிருக்கும். வயிற்றில் அப்படியே தலைகீழ். பின்னணி முழுக்க நீல எனாமலை நிரப்பி, எழுத்து வரும் இடத்தை மட்டும் எனாமல் இல்லாமல் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் மெல்லிய பொன்பூச்சு, ஓரத்தில் மயிரிழை போலச் சிவப்புக் கோடு. பகலில் இரண்டும் ஒரே மாதிரி நீலமும் பொன்னுமாகத்தான் தெரியும். இரவில் உள்ளே திரி எரியும்போது கதை மாறுகிறது. கெட்டியான நீலம் ஒளியை மறைக்கும், எனாமல் இல்லாத இடம் வழிவிடும். கழுத்தில் ஒளியின் நடுவே இறைவசனம் நீலமாக நிற்கும். வயிற்றில் இருட்டின் நடுவே கொடையாளரின் பெயர் ஒளியாகவே தெரியும்.

ஒளியைப் பாதி அடைத்ததன் காரணம் இதுதான். அந்தக் காலத்து ஆட்கள் இதைத் தற்பெருமையாகப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. மேலே வசனம், அதன் கீழே அரசன் என்ற வரிசை சரியாகத்தான் இருக்கிறது. இறைவனின் ஒளியால் என் பெயர் தெரியட்டும் என்ற வேண்டுதலாகவும் இதைப் படிக்கலாம். பெயர் தெரிந்தது என்பது மட்டும் நிச்சயம்.

மூன்றாவது அடுக்கான பாதத்தைக் கடைசியில் பார்ப்போம்.

கோப்பை, வில், வாள்

எழுத்துக்கு நடுவே வட்டங்களில் சின்னங்கள் வரும். இவற்றுக்கு அரபில் 'ரன்க்' என்று பெயர், நிறம் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லான 'ரங்' என்பதிலிருந்து வந்தது. அமீர்கள் அரண்மனையில் பார்த்த உத்தியோகத்தின் அடையாளங்கள் இவை. சுல்தானுக்குப் பானம் கொடுப்பவருக்குக் கோப்பை. வாள் ஏந்துபவருக்கு வாள். உடைகளுக்குப் பொறுப்பானவருக்குச் சாய்சதுரமாக மடித்த துணி. அலுவல் செயலருக்கு எழுதுகோல் பெட்டி. போலோ விளையாட்டுப் பொறுப்பாளருக்குப் போலோ மட்டை. சுல்தான்களுக்கு மட்டும் படத்துக்குப் பதிலாக எழுத்து. வட்டத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்து, சுல்தானுக்குப் பெருமை உண்டாகட்டும் என்ற வாழ்த்தை எழுதியிருப்பார்கள்.

ஐரோப்பியக் குலச்சின்னங்கள் பெரும்பாலும் பரம்பரையைச் சொல்பவை. இது அப்படியில்லை. அடிமையாக வாங்கப்பட்டு, உழைத்து வாங்கின உத்தியோகத்தைச் சொல்பவை. பாத்திரம், கதவு, கட்டடம் எல்லாவற்றிலும் அமீர்கள் இதைப் போட்டுக்கொண்டார்கள். அரபு எழுத்தைப் படிக்கத் தெரியாத ஆளுக்கும் கோப்பையைப் பார்த்தால் இது யாருடையது என்று புரிந்திருக்கும்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு விளக்கு இருக்கிறது. இந்த வகையில் காலம் கணிக்கக்கூடிய மிகப் பழையவற்றில் ஒன்று. அதன்மேல் சிவப்பு வட்டத்தில் முதுகோடு முதுகு சேர்ந்த இரண்டு பொன் விற்கள். 1285இல் இறந்த அமீர் அய்தகீன் அல்-புந்துக்தாரின் கல்லறைக் கட்டடத்துக்காகச் செய்தது. புந்துக்தார் என்றால் சுல்தானின் வில்லைச் சுமப்பவர்.

இந்த அய்தகீன் ஒரு காலத்தில் ஓர் இளைஞனை விலைக்கு வாங்கினார். பின்னாளில் அய்தகீன் சுல்தானின் கோபத்துக்கு ஆளானபோது அந்த இளைஞன் சுல்தானின் படைக்குப் போய்ச் சேர்ந்தான். 1260இல் ஐன் ஜாலூத் போரில் மங்கோலியர்களைத் தோற்கடித்த படையில் முன்னணியில் நின்று, அதே ஆண்டில் முந்தைய சுல்தானைக் கொன்று அரியணை ஏறினான். அவன்தான் பைபர்ஸ். ஆட்சிக்கு வந்த பிறகும் அவனுடைய முழுப்பெயரில் 'அல்-புந்துக்தாரீ' என்பது இருந்தது, அதாவது புந்துக்தாரின் ஆள். பழைய எஜமானர் பழைய அடிமையின் கீழே அமீராக வேலை பார்த்தார். சுல்தானின் பெயரில் எஜமானரின் பதவி, எஜமானரின் விளக்கில் அந்தப் பதவியின் சின்னம். பெயர் என்பது இவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எண்ணெய்ச் செலவு யார் கணக்கில்?

மகனுக்குப் பதவியைக் கொடுக்க முடியாது, சேர்த்த சொத்தையும் அடுத்த சுல்தான் எப்போது வேண்டுமானாலும் பறிமுதல் செய்யலாம். அப்படியானால் ஓர் அமீர் என்ன செய்வார்? அதற்கு இருந்த வழிதான் வக்பு. நம்மூரில் வக்பு வாரியம் என்று கேள்விப்படுகிறோமே, அதே வக்புதான். கடை, வயல், குளியல் விடுதி போன்ற வருமானம் வரும் சொத்தை ஓர் அறக்காரியத்துக்கு எழுதிவைத்துவிட்டால், சட்டப்படி அதை விற்க முடியாது, பறிக்க முடியாது. பள்ளிவாசல், மத்ரஸா, சூஃபிகள் தங்கும் இடம், அதோடு சேர்ந்து கட்டியவரின் கல்லறை. இத்தனைக்கும் செலவு அந்த வருமானத்திலிருந்து. மேற்பார்வைப் பொறுப்பில் தன் பிள்ளைகளையே வைத்து, மிச்சத்தை அவர்களுக்குப் போகும்படியும் செய்யலாம். பதவியைத் தர முடியாத அப்பாவுக்கு இது ஒரு பின்வாசல்.

வக்புப் பத்திரங்களில் ஓதுபவருக்கு இவ்வளவு, கூட்டுபவருக்கு இவ்வளவு என்பதோடு விளக்கேற்றுபவருக்கு இவ்வளவு, எண்ணெய்க்கு இவ்வளவு என்றும் எழுதிவைத்தார்கள். கெய்ரோவில் மம்லூக் காலத்துக் கட்டடங்கள் இவ்வளவு நெருக்கமாக நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தெருவுக்குத் தெரு ஓர் அமீரின் கட்டடம், உள்ளே அவர் பெயர் எழுதிய விளக்குகள். தினமும் மாலையில் ஒருவர் வந்து அந்தப் பெயரை ஏற்றிவைப்பார். கட்டியவர் போன பிறகும் இது நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

இரண்டு பெயர்கள், இரண்டு முடிவுகள்

திட்டம் பலித்ததா? இரண்டு பேரைப் பார்ப்போம்.

முதலாமவர் கவ்சூன். இவர் சிறுவயதில் விற்கப்பட்டு வந்தவர்கூட அல்ல. 1320இல் சுல்தான் அந்-நாஸிர் முஹம்மதை மணப்பதற்காக வடக்கிலிருந்து ஒரு மங்கோலிய இளவரசி வந்தபோது, அந்தக் கூட்டத்தோடு வியாபாரத்துக்காக வந்த இளைஞர். சுல்தானுக்குப் பிடித்துப்போய் அவரைத் தன் மம்லூக்காக ஆக்கிக்கொண்டார். பானம் கொடுக்கும் உத்தியோகம், சுல்தானின் மகளோடு திருமணம், பெரிய பள்ளிவாசல், அரண்மனை என்று வளர்ந்துகொண்டே போனார். 1341இல் சுல்தான் இறந்ததும், சுல்தானின் சின்னஞ்சிறு மகன் ஒருவனை அரியணையில் உட்காரவைத்து ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். சில மாதங்கள்தான். எதிரணி அமீர்கள் கிளம்பினார்கள், கூட்டம் அவருடைய மாளிகையைச் சூறையாடியது. 1342இல் அலெக்சாந்திரியா சிறையில் அவர் கொல்லப்பட்டார். அவருடைய மாளிகையின் நுழைவாயில் இன்று பாழடைந்து நிற்கிறது. அவருடைய பெயரும் கோப்பைச் சின்னமும் போட்ட கண்ணாடி விளக்கு நியூயார்க்கில் முழுசாக இருக்கிறது.

இரண்டாமவர் சுல்தான் ஹசன், அந்-நாஸிர் முஹம்மதின் மகன்களில் ஒருவர். 1347இல் பதின்ம வயதில் அரியணைக்கு வந்தார். அதே சமயத்தில் கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய் எகிப்துக்கு வந்தது. 1356இல் கெய்ரோக் கோட்டைக்குக் கீழே ஒரு மாபெரும் பள்ளிவாசலும் மத்ரஸாவும் கட்ட ஆரம்பித்தார். கொள்ளைநோயில் வாரிசில்லாமல் இறந்தவர்களின் சொத்து அரசுக்கு வந்து சேர்ந்ததால்தான் இவ்வளவு பெரிய கட்டடம் சாத்தியமானது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். செலவு கட்டுக்கடங்காமல் போனபோது, எகிப்தின் அரசனால் ஒரு கட்டடத்தை முடிக்க முடியவில்லை என்று ஊர் பேசுமே என்பதற்காகத்தான் தொடர்கிறேன் என்று சுல்தான் சொன்னதாக வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸீ எழுதியிருக்கிறார். கவனியுங்கள், இங்கேயும் கவலை பெயரைப் பற்றித்தான்.

1361இல் நுழைவாயிலின் மேலிருந்த மினாரா இடிந்து விழுந்து சுமார் 300 பேர் இறந்தார்கள். ஊரே இதைக் கெட்ட சகுனமாகப் பார்த்தது. 33 நாட்களுக்குப் பிறகு சுல்தான் வீழ்த்தப்பட்டார். வீழ்த்தியவர் அவரே விலைக்கு வாங்கி வளர்த்த மம்லூக்கான யல்புகா. ஹசனின் உடல் கிடைக்கவே இல்லை. அவருக்காகக் குவிமாடத்தின் கீழே கட்டிய கல்லறையில் அவர் இல்லை.

ஆனால் அந்தக் கட்டடத்துக்காகச் செய்த விளக்குகள் ஏராளம், பல இன்றும் இருக்கின்றன. உலகத்தில் மிஞ்சியிருக்கும் மம்லூக் விளக்குகளில் அதிகமானவை சுல்தான் ஹசனுடையவைதான் என்று சொல்லலாம். சிலவற்றில் வசனமும் பெயரும் இருக்கும். சிலவற்றில் எழுத்தே இல்லாமல் தாமரையும் பியோனிப் பூக்களுமாக நிறைந்திருக்கும். சீனப் பூவுக்கு எகிப்தில் என்ன வேலை என்று தோன்றும். 1323இல் மம்லூக்குகளும் பாரசீகத்தை ஆண்ட மங்கோலியர்களும் சமாதானம் செய்துகொண்ட பிறகு, பட்டுத்துணியும் பாத்திரங்களும் தாராளமாக வர, அவற்றில் இருந்த பூக்கள் கண்ணாடிக்கும் ஏறிவிட்டன. அரசனின் உடல் இல்லாத கட்டடத்தில், அரசனுக்குப் பெருமை உண்டாகட்டும் என்று எழுதிய வட்டங்கள் மாலைதோறும் எரிந்துகொண்டிருந்தன.

உலை அணைந்த பிறகு

14ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தத் தொழில் தளர்ந்தது. திரும்பத் திரும்ப வந்த கொள்ளைநோய், வற்றிய கருவூலம் என்று காரணங்கள் பல. 1401இல் தைமூர் டமாஸ்கஸைச் சூறையாடி, அங்கிருந்த கைவினைஞர்களைச் சமர்கந்துக்குக் கொண்டுபோனார். அதற்குப் பின் பழைய தரத்தில் எனாமல் விளக்குகள் வருவது கிட்டத்தட்ட நின்றுபோனது.

அதன்பிறகு காற்று திசைமாறியது. சிரியா, எகிப்திலிருந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டிருந்த வெனிஸ், இப்போது விற்க ஆரம்பித்தது. 1569இல் உஸ்மானியப் பேரரசின் தலைமை அமைச்சர் சோகொல்லு மெஹ்மெத் பாஷா, இஸ்தான்புல்லில் இருந்த வெனிஸ் தூதர் மார்க்கந்தோனியோ பார்பரோ மூலமாக 900 பள்ளிவாசல் விளக்குகளுக்கு ஆர்டர் கொடுத்தார். எப்படி இருக்க வேண்டும் என்று வரைபடமும் சேர்த்து அனுப்பினார்கள். ஆர்டரோடு வரைபடம் அனுப்பும் பழக்கம் ஐ.டி. கம்பெனிகள் கண்டுபிடித்தது அல்ல என்று தெரிகிறது.

பழைய விளக்குகள் கெய்ரோப் பள்ளிவாசல்களில் தொங்கிக்கொண்டே இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களின் கண் அவற்றின்மேல் விழுந்தது. ஒவ்வொன்றாக இறங்கி, கடைகள் வழியாகப் பாரிஸுக்கும் லண்டனுக்கும் போயின. 1881இல் எகிப்தில் அரபுக் கலைச் சின்னங்களைப் பாதுகாக்க ஒரு குழு அமைந்தது. மிச்சம் இருந்தவற்றை எடுத்து ஒரு கூரையின் கீழ் வைத்தார்கள். 1903இல் பாபுல் கல்க் பகுதியில் இப்போதைய அருங்காட்சியகக் கட்டடம் திறக்கப்பட்டது. உலகின் மிகப்பெரிய மம்லூக் விளக்குத் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. 1929இல் காஸ்தோன் வியே என்ற பிரெஞ்சு அறிஞர் அந்தத் தொகுப்பின் எழுத்துகளைப் படித்துப் பட்டியல் போட்டார்.

பாரிஸில் பிலிப்-ஜோசப் ப்ரோகார் என்பவர் இந்தப் பழைய விளக்குகளைப் பார்த்துப் பார்த்து எனாமல் வித்தையை மறுபடி கண்டுபிடித்து, 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்தார். எமில் கல்லே போன்ற பெரிய கண்ணாடிக் கலைஞர்கள் இந்த வழியில்தான் இஸ்லாமியக் கண்ணாடியின் பாதிப்பைப் பெற்றார்கள். தொழில்நுட்பம் திரும்ப வந்தது. ஆனால் அந்தக் காலத்து நகல்கள் சிலவற்றில் எழுத்து வெறும் நெளிவாகிவிட்டது, படித்தால் பொருள் வராது. 14ஆம் நூற்றாண்டில் அழகு பெயருக்காக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பெயர் அழகுக்காக ஆகிவிட்டது.

கடைசி அடுக்கு

பாதத்துக்கு வருவோம். நியூயார்க்கில் இருக்கும் கவ்சூனின் விளக்கைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதன் அடியில் பாதத்தில் இன்னொரு பெயர் இருக்கிறது. செய்தவரின் பெயர், அலீ இப்னு முஹம்மது. இந்த விளக்குகளில் கைவினைஞர் கையெழுத்து என்பது அபூர்வத்திலும் அபூர்வம். கழுத்தில் இறைவன், வயிற்றில் அமீர், பாதத்தில் தொழிலாளி. அந்தச் சமூகத்தின் படிநிலை ஒரே பாத்திரத்தில் மேலிருந்து கீழே அடுக்கியிருக்கிறது. கவ்சூனின் கதையை அல்-மக்ரீஸீ போன்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறார்கள். உலை வாயில் நின்று அந்த விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தவரைப் பற்றி நமக்கு மிஞ்சியிருப்பது அவர் எழுதிக்கொண்ட அந்த ஒரு வரி.

2014 ஜனவரி 24 அன்று கெய்ரோ அருங்காட்சியகத்துக்கு எதிரே இருந்த காவல்துறைத் தலைமையகத்தைக் குறிவைத்து லாரியில் குண்டு வெடித்தது. அருங்காட்சியகத்தின் முகப்பு சிதறியது, கூரைகள் விழுந்தன, கண்ணாடி விளக்குகளும் உடைந்தன. 600 ஆண்டுகளுக்கு மேல் சங்கிலியில் தொங்கியும் பெட்டியில் உட்கார்ந்தும் தாக்குப்பிடித்தவை. துண்டுகளைப் பொறுக்கி ஒட்டும் வேலை மூன்று ஆண்டு நடந்து, 2017 ஜனவரியில் அருங்காட்சியகம் மறுபடி திறந்தது.

ஒட்டுபவர்களுக்கு அப்போது கையில் இருந்தது அந்த எழுத்துதான் என்று நினைத்துப் பார்க்கிறேன். வெறும் கண்ணாடித் துண்டு எங்கே பொருந்தும் என்று சொல்வது கஷ்டம். ஒரு துண்டில் பாதி எழுத்து இருந்தால், மீதி எழுத்து எந்தத் துண்டில் இருக்கும் என்று தேடலாம். பெயர் நிலைக்க வேண்டும் என்று விளக்கில் எழுதினார்கள். இப்போது விளக்கு நிலைப்பதற்கு அந்தப் பெயர் உதவுகிறது.

அடுத்த முறை இந்த விளக்கின் படம் எங்காவது கண்ணில் பட்டால், முதலில் கழுத்தைப் பாருங்கள், பிறகு வயிற்றைப் பாருங்கள், கோப்பையோ வாளோ இருக்கிறதா என்று தேடுங்கள். முடிந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பாதத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.